ஒட்டகப் பால்... ஊசிக்குப் பதிலாகுமா?

சேலையூர் கேம்ப் ரோட்டில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறார். பெரியம்மா மகள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். காபி கொடுத்த கையோடு சமையலறை ஷெல்ஃபிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். டப்பா மேல் பாலைவனம், மணல், ஒரு ஒட்டகம்.

"ஏம்மா, நீ பத்திரிகையில எழுதறவதானே... இதுல இன்சுலின் இருக்காமே, நிஜமா?"

கேட்டது சும்மா பேச்சுக்கு இல்லை. அக்காவின் பேத்திக்கு ஒன்பது வயது. ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வரும் வகை இல்லை. உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போய்விடும் 'டைப் 1' வகை. தினமும் நான்கு ஊசி. பள்ளிக்கூடப் பைக்குள் டிபன் பாக்ஸோடு ஊசிப் பேனாவும் போகும். அந்தப் பிஞ்சு வயிற்றில் ஊசி போடும்போதெல்லாம் அக்கா வேறு அறைக்குப் போய்விடுவார்.

மருமகள் ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவள். செல்போனில் யாரோ அனுப்பிய தகவலைப் பார்த்து, ஆன்லைனில் ஆர்டர் செய்து வரவழைத்த டப்பா அது. தினம் இரண்டு டம்ளர் கலந்து கொடுத்தால் இன்சுலினைக் குறைத்துவிடலாம் என்று அந்தத் தகவல் சொன்னதாம். "ராத்திரி ஊசியை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பாக்கலாமான்னு இருக்கோம்" என்று அக்கா சொன்னபோது எனக்குக் கையிலிருந்த காபி இறங்கவில்லை.

"டாக்டரைக் கேக்காம ஒரு யூனிட்டைக்கூடத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு இரண்டு வாரம் இதே வேலைதான். படித்தேன், கேட்டேன், கணக்குப் போட்டேன். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் இன்னும் எத்தனை வீட்டு ஷெல்ஃபில் அந்த டப்பா உட்கார்ந்திருக்கிறதோ! உங்கள் வீட்டிலும் இருந்தால், மேலே படியுங்கள்.

நமக்கு இது புதுசா?

ஒட்டகம் நமக்குப் புதுசு இல்லை. தொல்காப்பியத்தின் மரபியலிலேயே ஒட்டகம் வந்துவிடுகிறது. பெண் ஒட்டகத்தைப் 'பெட்டை' என்று சொல்ல வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. வடக்கே சரக சம்ஹிதை எட்டு வகைப் பால்களை எண்ணும்போது ஒட்டகப் பாலையும் சேர்க்கிறது. லேசானது, சூடு தருவது, கொஞ்சம் உப்புக் கரிப்பது, வயிற்று உப்புசம், பூச்சி, வீக்கம், மூலம் இவற்றுக்கு நல்லது என்று பால்களின் குணம் சொல்லும் இடத்தில் சொல்கிறது. அந்தப் பட்டியலில் நீரிழிவு இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பால் என்று பார்த்தால், இது ராஜஸ்தான், கட்ச் பக்கத்துச் சமாசாரம். ராஜஸ்தானில் ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்தினர் பாலைக் குடிப்பார்கள், வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், ஆனால் விற்பது பாவம் என்று நினைத்தவர்கள். டிராக்டரும் லாரியும் வந்த பிறகு ஒட்டகத்துக்கு வேலை போயிற்று. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-இல் அது இரண்டரை லட்சமாகிவிட்டது. பாலையாவது விற்றால்தான் மந்தையைக் காப்பாற்ற முடியும் என்ற நிலை. 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒட்டகப் பாலுக்கென்று தர அளவு நிர்ணயித்தது. 2019 ஜனவரியில் அமுல் நிறுவனம் குஜராத்தில் அரை லிட்டர் பாட்டில் 50 ரூபாய்க்குக் கொண்டு வந்தது. துபாய் சூப்பர் மார்க்கெட்டில் இது பல வருஷமாகவே சகஜம். திரிசூலம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்கள் ஒட்டகப் பால் சாக்லேட் கொண்டு வந்து கொடுத்திருப்பார்களே!

விலை ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். ஒட்டகம் கிட்டத்தட்ட 13 மாதம் சினையாக இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு கன்றுதான். பெரும்பாலும் கன்று பக்கத்தில் நின்றால்தான் பால் சுரக்கும். அதைப் பவுடராக்கி, இத்தனை தூரம் கொண்டு வந்து நம் கையில் கொடுக்கும்போது, ஆவின் பால் விலையைப் போலப் பல மடங்கு ஆகாமல் என்ன செய்யும்?

அந்தப் பாலில் என்னதான் இருக்கிறது?

நல்ல பால்தான். அதில் சந்தேகமே வேண்டாம். புரதமும் கால்சியமும் ஏறக்குறைய பசும்பால் அளவுக்கு இருக்கின்றன. கொழுப்பு பெரும்பாலும் கொஞ்சம் குறைவு. எருமைப் பாலோடு ஒப்பிட்டால் நிறையவே குறைவு. இரும்புச்சத்து பசும்பாலைவிட அதிகம்.

எல்லோரும் பெரிதாகப் பேசுவது வைட்டமின் சி. பசும்பாலைவிட 3 முதல் 5 மடங்கு என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பசும்பாலில் இருப்பதே துளியூண்டு! மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று பெருக்கினாலும் லிட்டருக்கு 30, 40 மில்லிகிராம் அளவுதான் வருகிறது. தாம்பரம் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிறார்களே கொய்யாப்பழம், அதில் 100 கிராமிலேயே சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. பாலைவனத்தில் காயும் இல்லாமல், பழமும் இல்லாமல் நாள்கணக்கில் மந்தையோடு அலைகிறவருக்கு ஒட்டகப் பால் தரும் வைட்டமின் சி உயிர் காக்கிற விஷயம். நமக்கு அப்படி என்ன பஞ்சம்? போதாததற்கு, காய்ச்சினாலும் பவுடராக்கினாலும் அந்தச் சத்தில் ஒரு பங்கு போய்விடும்.

உண்மையிலேயே வித்தியாசமான சங்கதி ஒன்று உண்டு. பசும்பாலில் 'பீட்டா லாக்டோ குளோபுலின்' என்று ஒரு புரதம் இருக்கிறது. பால் அலர்ஜி உள்ள குழந்தைகள் பலருக்கு ஒத்துக்கொள்ளாத புரதங்களில் இது முக்கியமானது. தாய்ப்பாலில் இது கிடையாது. ஒட்டகப் பாலிலும் கிடையாது. அதனால் பசும்பால் குடித்தால் உடம்பெல்லாம் தடிப்பாகிற சில குழந்தைகளுக்கு ஒட்டகப் பால் ஒத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது. அலர்ஜி உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே 'டெஸ்ட்' பண்ணிப் பார்க்கிற வேலை வேண்டாம். முதல் டம்ளரே டாக்டர் சொல்லித்தான்.

'பால் குடித்தால் வயிறு கடமுடா' என்கிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்கு ஆகாதது புரதம் இல்லை, பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை. அது ஒட்டகப் பாலிலும் 100 மில்லிக்கு 4 முதல் 5 கிராம் வரை இருக்கிறது. 'லாக்டோஸ் இல்லாத பால்' என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். சிலருக்குப் பசும்பாலைவிட லேசாக ஜீரணம் ஆவது உண்டு, அவ்வளவுதான்.

இன்சுலின் கணக்கு

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒட்டகப் பாலில் இன்சுலின் இருக்கிறதா? இருக்கிறது. பசும்பாலிலும் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. பசும்பாலைவிட ஒட்டகப் பாலில் கொஞ்சம் கூடுதல்.

'ஒரு லிட்டரில் 52 யூனிட்' என்று ஒரு எண் எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மருமகளின் செல்போனிலும் அதுதான் இருந்தது. படித்தால் தூக்கிவாரிப் போடும். இரண்டு, மூன்று நாள் ஊசி மருந்து ஒரு லிட்டர் பாலிலா! ஆனால் ஆய்வகங்களில் அளந்து வெளியிட்டிருக்கும் அளவுகளைப் பார்த்தால், ஒரு மில்லி லிட்டருக்கு சுமார் 40 'மைக்ரோ' யூனிட் என்று வருகிறது. மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பேப்பர், பென்சிலை எடுங்கள். ஒரு மில்லிக்கு 40 மைக்ரோ யூனிட் என்றால் ஆயிரம் மில்லிக்கு 40,000 மைக்ரோ யூனிட். அதாவது 0.04 யூனிட். ஒரு முழு லிட்டரில் ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! அந்தக் குழந்தை ராத்திரி போட்டுக்கொள்வது 8 யூனிட். அதற்கு 200 லிட்டர் பால் வேண்டும். நடுவில் எங்கோ ஒரு 'மைக்ரோ' விழுந்துபோனதில் எத்தனை வீட்டில் ஆசை முளைத்திருக்கிறது, பாருங்கள்.

சரி, அளவை விடுங்கள். இன்சுலின் ஒரு புரதம். வாய் வழியாகப் போனால் வயிறு அதைப் பருப்பை ஜீரணிப்பதுபோல ஜீரணித்துவிடும். அதனால்தான் நூறு வருஷமாக இது மாத்திரையாக இல்லாமல் பெரும்பாலும் ஊசியாகவே இருக்கிறது. ஒட்டகப் பால் வயிற்றில் கெட்டியாகத் திரிவதில்லை, அதனால் இன்சுலின் தப்பித்துக் குடலுக்குப் போய்விடுகிறது என்று ஒரு யூகம் சொல்கிறார்கள். யூகமாகத்தான் இருக்கிறது. நிரூபணம் ஆகவில்லை.

"அப்படியானால் பிக்கானேர் ஆராய்ச்சி?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராஜஸ்தான் பிக்கானேர் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் வருஷக்கணக்காக இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் டைப் 1 நோயாளிகள் 24 பேர். அதில் 12 பேருக்கு இரண்டு வருஷம் தினமும் அரை லிட்டர் ஒட்டகப் பால். அவர்களுடைய இன்சுலின் தேவை குறைந்தது, மூன்று பேருக்குத் தேவையே இல்லாமல் போனது என்று எழுதியிருக்கிறார்கள். தள்ளிவிடக்கூடிய சேதி இல்லை. ஆனால் 12 பேர் என்பது நம் தெருவில் ஒரு வரிசை வீடு. அவர்களும் ஊசியை நிறுத்திவிட்டுப் பால் குடித்தவர்கள் இல்லை. ஊசியோடு பால் குடித்தார்கள், டாக்டர்கள் ரத்தத்தை அளந்து அளந்து பார்த்துத்தான் டோஸைக் குறைத்தார்கள். டைப் 1 வந்த புதிதில் சிலருக்கு இன்சுலின் தேவை தானாகவே கொஞ்ச காலம் இறங்கி, பிறகு ஏறுவதும் உண்டு. அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் வரும்.

டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும்? ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் உடம்பு அதைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ரத்தத்தில் அமிலம் சேரும். ஓயாத தாகம், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குவது, வாயில் பழ வாசனை, பிறகு மயக்கம். ஒரே நாளில்கூட இந்த இடத்துக்கு வந்துவிடலாம். வாந்தி, வயிற்று வலி என்றதும் 'அஜீரணம்' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தையை இழக்க நேரும். நேராக ஆஸ்பத்திரிதான். செலவுக்குப் பயந்து டோஸைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாகவே கொடுக்கிறார்கள். கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள்.

சானடோரியம் சொல்லும் கதை

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்காதவர்கள் நம்மில் யார்? அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் அங்கே ஒரு காசநோய் சானடோரியம் தொடங்கினார். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்தி அனுபவப்பட்டவர். 1937-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அதுதான் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்க்கு அந்தக் காலத்தில் மருந்தே கிடையாது. சுத்தமான காற்று, ஓய்வு, பால், முட்டை என்று சத்துள்ள சாப்பாடு... இதுதான் வைத்தியம். உலகம் முழுக்க அப்படித்தான். ருஷ்யாவில் குதிரைப் பாலைப் புளிக்கவைத்து காசநோய்க்காரர்களுக்குக் கொடுப்பதற்கென்றே சானடோரியங்கள் இருந்தன. எழுத்தாளர் செகாவ் 1901-இல் கல்யாணம் ஆன கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு அப்படி ஓர் இடத்துக்குத்தான் போனார். உடம்பில் கொஞ்சம் எடை கூடியது. நோய் போகவில்லை. மூன்று வருஷத்தில் இறந்துபோனார்.

பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. மீதிப் பேர் அவரவர் வீட்டிலேயே, பல பேர் குடிசையில், கிடைத்த சாப்பாடு, அதே மருந்து. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம்! 1959-இல் இந்த முடிவு வெளியானதும் உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. குணமாக்கியது மருந்து.

சாப்பாடு முக்கியம் இல்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சென்னையின் அதே நிறுவனமும் பங்கேற்றது. காசநோயாளி வீடுகளுக்கு மாதா மாதம் உணவுப் பை கொடுத்ததில், அந்த வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. பையில் இருந்தது அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர். சாதாரணப் பால் பவுடர்தான்! பிக்கானேர் ஒட்டக ஆராய்ச்சி மையத்திலும் காசநோயாளிகளுக்கு ஒட்டகப் பால் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மருந்தோடு சேர்த்துத்தான்.

பச்சையாகக் குடிக்கலாமா?

கூடவே கூடாது. பவுடரோ பாட்டிலோ வேண்டாம், 'கறந்த பால்' தான் வீரியம் என்று சொல்கிறவர்கள் உண்டு. காய்ச்சாத ஒட்டகப் பாலில் 'புரூசெல்லா' என்ற கிருமி வரலாம். வாரக்கணக்கில் காய்ச்சல், மூட்டு வலி என்று ஆளை உருக்கிவிடும். மெர்ஸ் என்ற சுவாச நோய் அரபு நாடுகளில் ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குப் பரவியது. காய்ச்சாத ஒட்டகப் பாலைத் தவிர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

இந்த இடத்தில் நம் தெருவுக்கு வரும் கழுதைப் பாலையும் சொல்லிவிடுகிறேன். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் காலை நேரத்தில் கழுதையும் குட்டியுமாக ஓட்டி வந்து, கண் முன்னால் கறந்து சங்கில் ஊற்றிக் கொடுப்பார்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு சங்கு ஊற்றினால் சீர் தட்டாது, குரல் நன்றாக வரும் என்று பாட்டிமார் வாங்குவார்கள். கழுதைப் பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு, தாய்ப்பாலுக்கு ஓரளவு கிட்டே வருவது என்பதெல்லாம் சரிதான். ஆனால் தெருவில் கறந்த பச்சைப் பாலை, எதிர்ப்பு சக்தியே வராத சிசுவின் வாயில் ஊற்றலாமா? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்கிறார்கள். பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வாங்குவது என்று முடிவு செய்தால் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது ஒட்டகப் பால் பவுடர் மட்டும்தானா, வேறு பால் பவுடர், சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இது மருந்து என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. சில சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அதை வைத்து மருந்து என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெற்றோர்களின் தவிப்பைக் காசாக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அக்கா வீட்டுக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேனே! மறுநாளே பேத்தியை வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் டாக்டரிடம் டப்பாவோடு போனார்கள். டாக்டர் திட்டவில்லையாம். பால் பிடித்தால் குடிக்கட்டும், ஆனால் ஒரு டம்ளரில் 9 கிராம் போல சர்க்கரைச்சத்து இருக்கிறது, பசும்பாலைப் போலவே அதையும் கணக்கில் சேர்த்து ஊசி போடுங்கள், இரண்டு வாரத்துக்குச் சர்க்கரை அளவை நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள், டோஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாராம்.

குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டு "உப்பா இருக்கு பாட்டி" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. மீதியைக் கலந்து காய்ச்சி உறை ஊற்றியிருக்கிறார். விடிந்து பார்த்தால் தயிர் உறையவே இல்லை. ஒட்டகப் பாலின் புரதம் அப்படி, லேசில் கட்டிச் சேராது. கடைசியில் அதில் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு நீர்மோராக்கிவிட்டார். நானும் ஒரு டம்ளர் குடித்தேன். உப்பு போட வேண்டியிருக்கவில்லை.